விலைபோன சாட்சி: திறந்த அணுகல் ஆய்விதழ்களும் உரையளவையும்

அறிவு என்று மனிதர் கொண்டிருப்பவற்றுள் தாமே கண்டறிந்தவை மிகச் சில. ஏனையவை பிறர் சொல்லக் கேட்டும் பிறர் எழுதியதைப் படித்தும் பெற்றவை. நிலவின் தொலைவையோ, ஒரு மருந்து கல்லீரலுக்குக் கேடு செய்யுமா என்பதையோ தாமே அளந்தும் சோதித்தும் அறிந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆயினும் அவற்றை அறிந்ததாகக் கொண்டே மற்றவரும் வாழ்கின்றனர், அவ்வாறு கொள்வதில் பிழையும் இல்லை. இந்திய மெய்யியல் மரபுகளில் பல, இதனை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்காமல், அறிவைப் பெறும் முறையான வழிகளுள் ஒன்றாகவே வைத்தன. சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்கிறது. காண்டல் என்பது நேரே காண்பது, கருதல் என்பது கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது, உரை என்பது நம்பத்தக்கவர் சொல். சைவ நூல்களில் உரை என்பது முதன்மையாக இறைநூலைக் குறிக்க, நியாய மரபு அதனை உலகியல் சொல்லுக்கும் விரித்து வழங்கியது. நியாய சூத்திரத்துக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவருக்கு இரண்டு இலக்கணங்களைக் கூறுகிறார்: பொருளை நேரே அறிந்திருத்தல் ஒன்று, அறிந்ததை அறிந்தவாறே பிறருக்கு உணர்த்தும் விருப்பத்தால் உந்தப்பட்டுப் பேசுதல் மற்றொன்று. இரண்டில் எது குறைந்தாலும் சொல் இருக்கும், சாட்சி இராது. திறந்த அணுகல் பதிப்புலகில் பெருகியுள்ள முறைகேடுகளை வணிக மோசடி என்ற அளவில் மட்டும் எடைபோடுவோர், இந்த இரண்டாம் இலக்கணத்துக்கு நேர்ந்துள்ள சிதைவைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

இன்றைய அறிவியலில் உரையளவைக்கு அமைந்த நிறுவன வடிவம் ஆய்விதழ் ஆகும். அதன் வரலாறு இலண்டனில் 1665இல் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ வரை பின்னோக்கிச் செல்கிறது. அதன் உயிர்நிலையாக இன்று கருதப்படுவது துறைவல்லுநர் மதிப்பீடு, அதாவது ஒரு கட்டுரை அச்சேறும் முன் அதே துறையில் உழைக்கும் சிலர் அதனைப் படித்துக் குறைகளைச் சுட்டி, ஏற்கலாமா என்று ஆசிரியருக்கு அறிவுரை கூறும் முறை. பலரும் எண்ணுவதுபோல் இது தொன்மையானதன்று. ‘நேச்சர்’ இதழே 1973இல்தான் இதனை எல்லாக் கட்டுரைகளுக்கும் உரிய விதியாக்கியது. மதிப்பிடுபவருக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை, பெயரும் வெளிவருவதில்லை. பொறாமையும் குழுமனப்பான்மையும் இதனுள் புகுவதுண்டு என்றாலும், கட்டுரை ஏற்கப்பட்டால் அவருக்கு ஒரு காசு வரவும் இல்லை, மறுக்கப்பட்டால் ஒரு காசு இழப்பும் இல்லை. தீர்ப்பில் தனக்கு ஆதாயம் இல்லாதவன் சொல் என்பதே அச்சொல்லுக்கு எடை தருகிறது.

திறந்த அணுகல் என்பது, ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கவும் பகிரவும் இயலுமாறு வெளியிடுதல். 2002 பிப்ரவரியில் வெளிவந்த புடாபெஸ்ட் அறிக்கை இதற்கு இயக்க வடிவம் தந்தது. அடுத்த ஆண்டே பெதஸ்டாவிலும் பெர்லினிலும் அதையொட்டிய அறிக்கைகள் எழுந்தன. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வைப் பொதுமக்களே விலைகொடுத்துப் படிக்க வேண்டியிருப்பதும், சந்தா கட்ட வழியில்லாத கல்லூரியின் ஆய்வாளர் தம் துறையில் நடப்பதை அறியாமலே போவதும் நீதியன்று என்ற உணர்விலிருந்து பிறந்த இயக்கம் அது. அதன் அறத்தில் ஐயமில்லை. ஆனால் படிப்பவரிடம் வாங்காத பணத்தை வேறு எவரிடமிருந்தாவது பெற்றாக வேண்டும். அரசோ கல்விக்கழகமோ செலவை ஏற்பது ஒரு வழி. இலத்தீன் அமெரிக்காவில் 1990களின் இறுதியில் எழுந்த ‘சையெலோ’ இதழ்த்தொகுதி பெரும்பாலும் அவ்வழி நின்றது. எழுதியவரிடமே கட்டுரைச் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் வாங்குவது மற்றொரு வழி. சிறிய இதழ்களில் நூறு, இருநூறு டாலர் என்று இருக்கும் இக்கட்டணம், ‘நேச்சர்’ இதழில் 9,500 யூரோவாக 2020இல் அறிவிக்கப்பட்டது. கட்டணம் வாங்குவது தன்னளவில் குற்றமன்று. நேர்மையாக வாங்கும் இதழ்கள் பல உள்ளன, இயலாதோருக்குத் தள்ளுபடியும் தருகின்றன. ஆயினும் இம்முறையில் ஒரு திருகல் உள்ளது. சந்தா முறையில் இதழ் தரம் கெட்டால் நூலகம் விலகும், ஆகவே மறுப்பதால் இதழுக்கு நற்பெயர் சேரும். கட்டண முறையிலோ, ஏற்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் வரவு, மறுக்கப்படும் ஒவ்வொன்றும் இழப்பு. தீர்ப்பில் ஆதாயம் இல்லாதிருந்த அவைக்குள் ஆதாயம் நுழைகிறது. நுழைந்த இடத்திலெல்லாம் கேடு விளையும் என்பதில்லை. விளைந்த இடங்களில் அது எப்படி விளைந்தது என்பதற்குச் சான்றுகள் உண்டு.

அவற்றுள் மிகவும் பேசப்பட்டது, ஜான் போஹனான் என்ற அறிவியல் எழுத்தாளர் ‘சயின்ஸ்’ இதழுக்காக நடத்தி 2013 அக்டோபரில் வெளியிட்ட சோதனை. பாறையில் படரும் லைக்கனிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மூலக்கூறு புற்றணுக்களின் வளர்ச்சியைத் தடுப்பதாகக் கூறும் பொய்க் கட்டுரை ஒன்றை அவர் புனைந்தார். எழுதியவர் பெயரும் புனைவு. அவர் பணியாற்றுவதாகச் சொல்லப்பட்ட அஸ்மாரா நகர மருத்துவ நிறுவனமும் புனைவு. கட்டுரையின் பிழைகள் நுணுகித் தேடவேண்டியவை அல்ல: மருந்தின் அளவு கூடக்கூட விளைவும் கூடுவதாக வாசகம் சொல்ல, அருகிலிருந்த வரைபடமே எல்லா அளவுகளுக்கும் ஏறத்தாழ ஒரே விளைவைக் காட்டியது, மருந்து எத்தனால் கலந்த கரைசலில் கொடுக்கப்பட, ஒப்பீட்டுக்கு வைத்த உயிரணுக்களுக்கு எத்தனால் கொடுக்கப்படவில்லை, கதிர்வீச்சைப் பற்றிய சோதனையில் ஒப்பீட்டு அணுக்களின்மேல் கதிர்வீச்சே படவில்லை. ஆய்வகத்தில் முதலாண்டு பயில்பவரும் பிடித்துவிடக்கூடிய இக்குறைகளுடன் கட்டுரை 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பப்பட்டது; 157 இதழ்கள் ஏற்றன, 98 மறுத்தன. சந்தா இதழ்களுக்கு இக்கட்டுரை அனுப்பப்படவே இல்லையாதலால், திறந்த அணுகலே நோய் என்று இதிலிருந்து முடிவுகட்டியவர்கள் அவசரப்பட்டவர்களே. இந்தச் சோதனையில் கவனம் பெற வேண்டிய எண் வேறொன்று. அனுப்பியவற்றுள் 36 இடங்களில் மட்டுமே மதிப்பீட்டாளர்கள் அறிவியல் குறைகளைச் சுட்டி எழுதினர். அந்த 36இலும் 16 இதழ்களின் ஆசிரியர்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டனர். கட்டுரையை ஏற்ற மற்ற இதழ்களில் சாட்சி அழைக்கப்படவில்லை என்றோ, அழைக்கப்பட்டவர் அறியாதவர் என்றோ சொல்லலாம். இந்தப் பதினாறில் சாட்சி வந்தது, உண்மையைச் சொன்னது, சொன்னது கோப்பில் எழுதியும் வைக்கப்பட்டது. அதற்குப் பின்னும் விற்பனை நடந்தது.

ஆசிரியர் நாற்காலியே விலைக்கு வருமா என்பதைப் போலந்து ஆய்வாளர் சிலர் சோதித்தனர். மோசடிக்காரர் என்று பொருள்படும் போலிஷ் சொல்லைச் சிறிது மாற்றி அன்னா ஷுஸ்ட் என்றொரு பெண்ணைக் கற்பனையில் படைத்து, அவர் எந்த இதழிலும் எழுதியிராதவர், ஆசிரியப் பணியில் அனுபவம் அற்றவர் என்பது தெளிவாகத் தெரியும் தன்குறிப்புடன் 360 இதழ்களுக்கு விண்ணப்பித்தனர். 48 இதழ்கள் அவரை ஆசிரியராக ஏற்றன. அவற்றுள் 40 ஐயத்துக்குரியவை என்று முன்பே பட்டியலிடப்பட்டவை, எட்டு நற்சான்று பெற்ற திறந்த அணுகல் தொகுப்பில் இடம்பெற்றிருந்தவை. இதன் விவரம் 2017இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

நீதிமன்றம் வரை சென்றது ஹைதராபாத்தை மையமாகக் கொண்ட ஓமிக்ஸ் பதிப்பகத்தின் வழக்கு. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016இல் தொடுத்த அவ்வழக்கில், நெவாடா கூட்டாட்சி நீதிமன்றம் 2019 மார்ச்சில் 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. மதிப்பீடு நடப்பதாகப் பொய்யாகக் கூறியது, இசைவு பெறாமலே அறிஞர் பெயர்களை ஆசிரியர் குழுவில் இட்டது, கட்டணத்தை மறைத்துவைத்துக் கட்டுரை ஏற்கப்பட்ட பின் கேட்டது, வருவதாக ஒப்பாதவர்களைக் கருத்தரங்கப் பேச்சாளர்களாக விளம்பரம் செய்தது என்பன குற்றச்சாட்டுகள். இவற்றுள் மெய்யியல் நோக்கில் கொடியது, கட்டணம் கேட்டதும் திகைத்துக் கட்டுரையைத் திரும்பக் கேட்டவர்களுக்கு அதனைத் தர மறுத்ததே. ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு அனுப்பலாகாது என்பது ஆய்வுலக ஒழுக்கம். திரும்பப் பெறாத கட்டுரையை நேர்மையாளர் வேறிடத்துக்கு அனுப்பமாட்டார். ஒழுக்கமற்றவனை இப்பிடியில் மாட்ட முடியாது. ஒழுக்கமுள்ளவரின் ஒழுக்கமே அவர் கழுத்துக்குச் சுருக்காகிறது.

இம்மோசடி எளிதில் நடந்தேறுவதற்கான காரணத்தை விளக்கப் பௌத்த அளவையியல் உதவும். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவணவடிகள் அளவைகள் இரண்டே என்கிறார். காட்சி, கருத்து என்ற அவ்விரண்டுக்கு அப்பால் உரைக்குத் தனியிடம் இல்லை. பௌத்த அறிஞர் திக்நாகர் வழிவந்த இக்கொள்கையின்படி, ஒருவர் சொல்லை ஏற்பதும் ஓர் உய்த்துணர்வே: அவரிடம் காணும் அடையாளங்களைக் கொண்டு அவர் நம்பத்தக்கவர் என்று முதலில் அனுமானித்து, அதன்பின் அவர் சொன்னதை மெய்யென அனுமானிக்கிறோம். ஆய்விதழைப் பொறுத்தவரை நடப்பது பெரும்பாலும் இதுவே. மதிப்பீட்டறைக்குள் எவரும் எட்டிப்பார்க்க முடியாது. பார்க்க முடிந்தவை ஆசிரியர் குழுவின் பெயர்கள், தாக்கக் காரணி எனப்படும் மேற்கோள் சராசரி எண், ஐஎஸ்எஸ்என் என்ற தொடர்வெளியீட்டு எண் போன்றவையே. அளவை நூலார் புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதை எடுத்துக்காட்டாக வைத்து, மூடுபனியைப் புகையென மயங்கினால் அந்த அறிவு பிழைபடும் என்றும் எச்சரித்தனர். போலி ஆய்விதழ்கள் செய்வது மூடுபனி உற்பத்தி. ஐஎஸ்எஸ்என் ஓர் அடையாள எண் மட்டுமே, தரத்துக்குச் சான்றன்று என்றாலும் அது இதழின் முகப்பில் பட்டயம்போல் பொறிக்கப்படுகிறது, கேள்விப்படாத அமைப்புகள் வழங்கும் ‘தாக்கக் காரணி’கள் விலைக்கு வாங்கி ஒட்டப்படுகின்றன, பழம்பெயர் பெற்ற இதழின் பெயரையும் எண்ணையும் திருடி அதே தோற்றத்தில் வேறொரு தளம் திறக்கப்படுகிறது. ஐஎஸ்எஸ்என் இல்லாத இதழுக்குத் தங்கள் கல்லூரி மதிப்பெண் தராது என்று அஞ்சும் ஆசிரியர் அந்த முகப்பைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்.

அவர் ஏமாந்தவரா, உடந்தையா? எல்லாக் கட்டுரையாளரும் ஏமாந்தவர் என்பது நெகிழ்ச்சியான பொய். மூன்று நாளில் ஏற்புக் கடிதம் வரும் இதழில் எவரும் கட்டுரையைப் படிக்கவில்லை என்பது அனுப்பியவருக்குத் தெரியாததன்று. விற்பவரும் வாங்குபவரும் பொருள் இன்னதென்று அறிந்தே கைமாற்றும் இவ்வகைப் பேரத்தில் ஏமாற்றப்படுபவர் அங்கே இல்லாத மூன்றாமவர்: பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கும் குழு, அதே பதவிக்கு நேர்மையாக உழைத்த மற்றொருவர், கட்டுரையை நம்பும் படிப்பாளர். இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில், திருப்பித் தரும் எண்ணமின்றிக் கடன் வாங்கத் தரும் பொய் வாக்குறுதியை ஆராய்ந்து, எல்லோரும் அவ்வாறே செய்வதாகக் கொண்டால் வாக்குறுதி என்ற வழக்கமே இல்லாமற்போகும் என்று காட்டினார். போலி வெளியீடு இந்த வாதத்துக்கு ஏறத்தாழ நேரடிச் சோதனை ஆகிவிட்டது. ஏனெனில் இங்கே எல்லோரும் செய்வது கற்பனையாக இல்லாமல் ஓரளவு நடப்பாகவே இருந்தது. ஷென், பியோர்க் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய இதழ்களில் 2010இல் ஏறத்தாழ 53,000 ஆக இருந்த கட்டுரைகள் 2014இல் 4,20,000 ஆகப் பெருகியதாக மதிப்பிட்டது. எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியானோர் இந்தியர்.

இந்த இந்தியப் பங்குக்குத் தனிமனிதப் பேராசையை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது மதிப்பீட்டு இதழில் வெளியாகியிருக்க வேண்டும் என்றன. 2010இல் வந்த விதிகள் ஆசிரியரின் பதவி உயர்வைப் புள்ளிகளால் அளந்தன. ஆய்வகமும் நூலகமும் ஓய்வும் தராமல், வாரம் முழுதும் வகுப்பெடுக்கும் கல்லூரி ஆசிரியரிடம் வெளியீட்டை மட்டும் கேட்டால், கேட்டது கிடைக்கும், ஆய்வு கிடைக்காது. பொய்யைச் சொன்னவர் ஒருவர் என்றாலும் பொய்யை அன்றி வேறெதையும் சொல்ல வழியில்லாதபடி கேள்வியை அமைத்தவருக்கு அப்பொய்யில் பங்கு உண்டு. குழு பின்னர் ஒப்புதல் பெற்ற இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. அதற்குள்ளும் போலிகள் நுழையவே, 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. 2019இல் அதற்கு மாற்றாகக் கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. 2022இல் முனைவர் பட்டத்துக்கான வெளியீட்டுக் கட்டாயம் போயிற்று. 2025 தொடக்கத்தில் கேர் பட்டியலும் கைவிடப்பட்டு, இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே தீர்மானிக்கட்டும் என்றாயிற்று.

இவ்விதழ்களை யாரும் படிப்பதில்லை, ஆகவே தீங்கும் இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அவற்றில் வெளியான கட்டுரைகளுள் பாதிக்கும் மேற்பட்டவை ஐந்தாண்டுகளில் ஒரு மேற்கோளும் பெறவில்லை என்ற ஆய்வு முடிவும் அவர்களுக்குத் துணைநிற்கிறது. தீமை பயவாத சொல்லே வாய்மை என்ற திருக்குறளின் இலக்கணத்தைக் கொண்டு பார்த்தாலும் இவ்வாதத்துக்கு இடம் இருப்பதுபோல் தோன்றும். மருத்துவ ஆய்வில் அது நொறுங்குகிறது. கனடாவின் டேவிட் மோஹரும் உடனாய்வாளர்களும் ஐயத்துக்குரிய இதழ்களில் வெளியான ஏறத்தாழ 1,900 மருத்துவக் கட்டுரைகளை ஆராய்ந்து 2017இல் எழுதியபோது, அவற்றுள் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் தரவுகளும் 8,000க்கும் மேற்பட்ட விலங்குகளின் தரவுகளும் அடங்கியிருப்பதைக் கண்டனர். ஆய்வறக் குழுவின் ஒப்புதல் பெற்றதாகச் சொன்னவை பாதிக்கும் குறைவு. தம் நோய் தீராவிட்டாலும் பின்வருவோர்க்குப் பயன்படட்டும் என்று குருதியையும் நேரத்தையும் தந்தவரின் கொடை, எந்த மருத்துவரும் தேடிப் படிக்காத இடத்தில் புதைக்கப்பட்டது. படிக்கப்படாமை இங்கே தீங்கின்மைக்குச் சான்று ஆகாது, அதுவே தீங்கு. படிக்கப்பட்டாலும் கேடுதான், ஏனெனில் ஒரு சிகிச்சையைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் திரட்டி முடிவு காணும் தொகுப்பாய்வுக்குள் சோதிக்கப்படாத எண்கள் கலந்துவிடும்.

இக்கேட்டை முதலில் ஊரறியச் செய்தவர் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல். 2010 வாக்கில் இவ்விதழ்களுக்கு ‘வேட்டையாடும்’ என்ற அடைமொழி தந்து அவர் தொகுத்து வந்த பட்டியல் 2017 சனவரியில் மறையும்வரை உலகெங்கும் ஆய்வாளர்களுக்குக் கைவிளக்காக இருந்தது. அவருக்கு ஆய்வுலகம் கடன்பட்டுள்ளது. ஆயினும் அவர் நோக்கு ஓரிடத்தில் கோணியது: தீய இதழ்களைக் கண்டிப்பதிலிருந்து திறந்த அணுகல் இயக்கத்தையே கண்டிப்பதற்கு நகர்ந்து, 2015இல் சையெலோவைப் பிரேசிலின் சேரிப்பகுதிக்கு ஒப்பிட்டு எழுதினார். இங்கே வாத்ஸ்யாயனர் சேர்த்துச் சொன்ன ஒரு குறிப்பு நினைவுகூரத்தக்கது. நம்பத்தக்கவரின் இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்கிறார் அவர். சொல்பவர் எந்த ஊரார், எந்தக் குலத்தார் என்பது வினாவன்று. அறிந்தாரா, அறிந்தவாறே சொன்னாரா என்பதே வினா. பிறப்பால் உயர்வு தாழ்வு வகுத்த ஒரு சமூகத்தின் அளவை நூலார் எழுதிய இவ்வரி, இன்றைய பதிப்புலகின் பல தீர்ப்புகளைவிடத் தாராளமானது.

உயர்குடியாகக் கருதப்படும் பதிப்பகங்களின் வரலாறும் அவ்வரிக்குத் துணை. எல்செவியரின் ஆஸ்திரேலியக் கிளை 2000 முதல் 2005 வரை, மருந்து நிறுவனங்களின் பணத்தில், மதிப்பீட்டு இதழ்போலவே தோற்றமளித்த ஆறு வெளியீடுகளை நடத்தியது 2009இல் அம்பலமாயிற்று. அவை திறந்த அணுகல் இதழ்கள் அல்ல. ஒரு காலத்தில் மதிக்கத்தக்க திறந்த அணுகல் பதிப்பகமாக இருந்த கெய்ரோவின் ஹிந்தாவியை, இரண்டு நூற்றாண்டுப் பழமை கொண்ட வைலி 2021இல் 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. விருந்தினர் ஆசிரியர்களிடம் ஒப்படைத்த சிறப்பிதழ்கள் வழியே, கட்டுரை ஆலைகள் எனப்படும் கூலிக்கு ஆய்வு புனைந்து தரும் நிறுவனங்கள் உள்ளே புகுந்தன. 2023ஆம் ஆண்டில் மட்டும் ஹிந்தாவி இதழ்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டு, அப்பெயரையே வைலி கைவிட நேர்ந்தது. இங்கே முகவரியும் மெய், எண்களும் மெய், பெயரும் மெய். சாட்சி மட்டும் இல்லை.

ஒட்டாவாவில் 2019இல் கூடிய அறிஞர் குழு வேட்டையாடும் இதழ்களுக்கு ஒரு வரையறை வகுத்தபோது, தன்னலத்தை முன்வைத்தல், பொய்யான தகவல் தருதல், வெளிப்படைத்தன்மை இன்மை, கண்மூடித்தனமாகக் கட்டுரை கேட்டு நச்சரித்தல் ஆகியவற்றைச் சேர்த்தது. மதிப்பீட்டின் தரத்தைச் சேர்க்கவில்லை, ஏனெனில் அது வெளியிலிருந்து அளக்க முடியாதது. நோயின் மையத்தை விட்டுவிட்டு அறிகுறிகளை வரையறுக்க நேர்ந்த இந்த இக்கட்டு, கதவு மூடியிருக்கும்வரை எந்தப் பட்டியலாலும் தீராது. கதவைத் திறந்தவர்கள் உள்ளனர். ‘அட்மாஸ்ஃபெரிக் கெமிஸ்ட்ரி அண்ட் ஃபிசிக்ஸ்’ இதழ் 2001 முதலே மதிப்பீட்டாளர் கருத்துகளைப் பொதுவில் வைக்கிறது. ‘ஈலைஃப்’ இதழ் 2023இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஏற்பு மறுப்பு என்ற தீர்ப்பையே நீக்கியது: மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரை எதுவாயினும், மதிப்பீட்டாளர் அதைப் பாராட்டினாலும் பலவீனமானது என்று எழுதினாலும், அவ்வெழுத்துடன் சேர்ந்தே வெளிவரும். கட்டணம் மதிப்பீட்டுக்கு முன்பே கட்டப்படுவதால் மதிப்பீடு எவ்வாறு அமைந்தாலும் இதழின் வரவு மாறாது. குறைகள் நிறைந்த ஆய்வும் இதனால் அச்சேறிவிடுகிறதே என்று குறைகூறுவோருக்கு, குறை இன்னதென்று முதற்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது என்பது மறுமொழி. வெப் ஆஃப் சயின்ஸ் தொகுப்பை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் 2024இல் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து, மதிப்பீட்டின் முடிவு வெளியீட்டைத் தீர்மானிக்காத இதழ் தன் விதிக்குள் அடங்காது என்று கண்டு, ஈலைஃபுக்கு வழங்கிவந்த தாக்கக் காரணியை நிறுத்திக்கொண்டது.